குதிரை இங்கே, ஏறியவர் எங்கே?

19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வார்த்த வெண்கலக் குதிரைச் சிற்பம் ஒன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடித்தளத்தில் சிற்பியின் கையெழுத்து இருக்கிறதா, வார்ப்பகத்தின் முத்திரை இருக்கிறதா, தனித்தனியாக வார்த்த பாகங்களை எந்த இடத்தில் இணைத்திருக்கிறார்கள் என்று தேடுவார். பந்தயக் குதிரைகளையும் அவற்றின் மேல் அமர்ந்த ஜாக்கிகளையும் வடித்துப் பெயர்பெற்ற பியர் ஜூல் மேன் (1810–1879), விலங்குச் சிற்பக் கலையையே பாரிஸில் நிலைநாட்டிய அந்த்வான் லூயி பாரி (1795–1875), அவர்களுக்குப் பின் வந்த இசிதோர் பொனர் என எல்லோருடைய சிற்பங்களுக்கும் இதே சோதனைதான். வாங்குபவரின் கேள்வி எப்போதும் ஒன்றே: இது சிற்பி உயிரோடு இருந்தபோது வார்த்ததா, பிறகு யாரோ வார்த்ததா?

அந்தக் கேள்விக்குக் காரணம் அவர்களுடைய தொழில்முறை. சிற்பி மெழுகிலோ களிமண்ணிலோ ஒரு மாதிரியைச் செய்வார். அதிலிருந்து ஒரு மூலப்படி எடுப்பார்கள். அதை மணலில் பதித்து அச்செடுத்து, உருவத்தைப் பாகம் பாகமாக வார்த்துப் பொருத்துவார்கள். மூலப்படி கெடாதவரை பத்துப் பிரதிகளும் வார்க்கலாம், நூறும் வார்க்கலாம். 1836இல் அஷில் கோலா ஒரு பெரிய சிற்பத்தைச் சிறிய அளவில் அப்படியே பெயர்த்துத் தரும் இயந்திரத்தை அமைத்தார். இரண்டு ஆண்டுகளில் ஃபெர்டினாண்ட் பார்பதியென் அவரோடு கூட்டுச் சேர்ந்து வார்ப்பகம் தொடங்க, பாரிஸின் நடுத்தரக் குடும்பங்கள்கூட வரவேற்பறையில் ஒரு வெண்கலக் குதிரையை வைத்துக்கொள்ள முடிந்தது. பாரி இறந்த பிறகு அவருடைய மாதிரிகள் பலவற்றை வாங்கிய அதே வார்ப்பகம் பல ஆண்டுகள் பிரதிகளை வார்த்துக்கொண்டே இருந்தது. அதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தக் கலையின் இயல்பே அது. குதிரையும் ஏறியவரும் ஒரே அடித்தளத்தில் நிற்கும் அந்தச் சிற்பம் எந்த ஊர் மேசைக்குப் போனாலும் முழுமையான பொருள்தான்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கோயில்களிலும் குதிரையும் ஏறுபவரும் உண்டு. ஆனால் அங்கே குதிரை மரம், ஏறுபவர் வெண்கலம். பெருவிழாவின் எட்டாம் நாளை ஒட்டிப் பல கோயில்களில் உற்சவரைக் குதிரை வாகனத்தில் எழுந்தருளச் செய்வார்கள். ஆண்டு முழுவதும் வாகன மண்டபத்தில் தூசி படிந்து நின்ற மரக்குதிரை அன்று ஒரு மாலைப் பொழுதுக்கு உயிர்பெற்று வீதிக்கு வரும். சோழர்காலத் திருமேனியின் பீடத்தைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் பயணத்துக்கான ஏற்பாடுகள் தெரியும். தண்டு செருகவும் கயிறு கட்டவும் பீடத்தின் பக்கங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். திருவாசியைப் பொருத்துவதற்குத் தனி இடம் இருக்கும். இன்று குதிரை, நாளை ரிஷபம், அடுத்த நாள் தேர் என்று மாறி மாறி ஏறுவதற்காகவே வார்த்த உருவம் அது. தூக்கும் சீர்பாதம் தாங்கிகள், சுற்றிவரும் நான்கு வீதிகள், அந்த ஊரின் மரவாகனம் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் அந்தச் சிற்பம் முழுமை அடைகிறது.

ஆகவே ஒரு திருமேனி நியூயார்க்கிலோ கான்பெராவிலோ கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும்போது பிரெஞ்சுக் குதிரைக்குக் கேட்கும் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. சிற்பி கையெழுத்திடவில்லை, வார்ப்பகத்துக்கு முத்திரை இல்லை, பீடத்தில் எழுத்துப் பொறித்த திருமேனிகளும் அரிது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எந்த ஊர்? அதை எதைக் கொண்டு சொல்வது? கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடைகள் கிடைத்த நிலப்பகுதிகளில் ஒன்று அரியலூர் மாவட்டம். அந்த விடைகளில் முக்கியமானவை புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் படப்பெட்டிகளில் இருந்து வந்தவை.

முதலில் வார்ப்பு முறையைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துப் பிசைந்து, தால அளவுப்படி ஓலையை மடித்து அளவு குறித்து, முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பல அடுக்காகப் பூசி உலர்த்துகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்துத்தான் உருவத்தை வெளியே எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இந்த வழியில்தான் வார்க்கிறார்கள். ஒரே ஸ்தபதி ஒரே வாரத்தில் இரண்டு நடராசர் செய்தாலும் ஒன்றின் சடைவிரிப்பு மற்றதில் வராது. திருவாசியின் சுடர்கள் வேறுபடும், முயலகன் முகம் வேறுபடும், வார்ப்பில் விழுந்த சிறு குழியும் பிறகு தட்டிச் சரிசெய்த தடமும் அதற்கே உரியவையாக நிற்கும்.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. மேனின் குதிரைச் சிற்பத்தின் பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாக நிறுவ முடியாது, அதே முகமும் அதே வாலும் கொண்ட பல பிரதிகள் உலகெங்கும் இருக்கின்றன. தமிழகத் திருமேனியின் படமோ அந்த ஒரே உருவத்தின் படம். இரண்டு படங்களை அருகருகே வைத்துச் சுடரையும் விரலையும் பீடத்தின் நெளிவையும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்று காட்டிவிட்டால் எதிர்வாதத்துக்கு இடம் அநேகமாக இல்லை. அச்சை உடைக்கும் வழக்கம்தான் புகைப்படத்துக்குச் சாட்சி வலிமையைக் கொடுத்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் ழான் ஃபிலியோசாவின் முயற்சியால் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் புகைப்படக்காரர்களும் ஆய்வாளர்களும் தென்னிந்தியக் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. தஞ்சைக்கும் மதுரைக்கும் எல்லோரும் போவார்கள். இவர்கள் பேருந்து நிற்காத ஊர்களுக்கும் போனார்கள். சிற்பநூல் ஆராய்ச்சிக்காக எடுத்தவை என்பதால் திருமேனிகள் பெரும்பாலும் ஆடையும் மாலையும் களைந்த நிலையில் பதிவாயின. நம் குடும்பங்களில் இருக்கும் உற்சவப் படங்களில் சாமியின் முகம் மட்டுமே தெரியும், மற்றதெல்லாம் பட்டும் பூவும். அந்தப் படங்கள் பக்திக்கு உரியவை, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தெரியாதவை. திருட்டைத் தடுக்கும் நோக்கம் பிரெஞ்சு நிறுவனத்துக்கு அன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அறிவுக்காகப் பொறுமையோடு செய்த ஒரு வேலை அரை நூற்றாண்டு கழித்து நீதிக்குப் பயன்பட்டது. இதை நான் மிகுந்த நன்றியோடு சொல்கிறேன்.

ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் கதை பலர் அறிந்தது. ஆனாலும் அதை மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடையார்பாளையம் வட்டாரத்தில் உள்ள அந்தச் சோழர்காலக் கோயில் வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்தது. உள்ளே தேனீக்கள் கூடுகட்டியிருந்ததால் ஊர்க்காரர்கள் நெருங்குவதில்லை. 2006இல் திருடர்கள் பூட்டை உடைத்துத் திருமேனிகளை எடுத்துக்கொண்டு, வெளியே தெரியாதபடி பூட்டை ஒட்டிவைத்துவிட்டுப் போனார்கள். 2008இல் அதிகாரிகள் திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வந்தபோதுதான் அவை போய்விட்டது தெரிந்தது. அந்த இடைக்காலத்தில் நடராசர் கடல் கடந்து, மன்ஹாட்டனில் சுபாஷ் கபூர் நடத்திய கலைப்பொருள் கூடத்தை அடைந்து, 2008 தொடக்கத்தில் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டிருந்தார். சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970ஐ ஒட்டி டெல்லியில் இருந்தபோது வாங்கியது என்று காட்டும் தாள்களையும் கூடவே கொடுத்திருந்தார்கள். இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே வெளியேறிவிட்டது என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது.

அந்தத் தாள்களைக் கிழித்தெறிந்தது ஒரு படம். அதே நடராசர் 1994இல் ஸ்ரீபுரந்தானில் இருந்ததைப் பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் காட்டியது. 1994இல் அரியலூர் மண்ணில் நின்றவர் 1970இல் டெல்லியில் விலைபோயிருக்க முடியாது. எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்களும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும் ஒப்பீடுகளைப் பொதுவெளியில் வைத்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் நேரில் வந்து நடராசரை ஒப்படைத்தார். அதே கோயிலின் உமா பரமேசுவரி சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்திலிருந்து 2015இல் திரும்பினார். பிள்ளையார் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ அருங்காட்சியகத்தில் இருந்தது தெரியவந்தது. மாணிக்கவாசகர் திருமேனியை நியூயார்க்கில் வாங்கி வைத்திருந்த ஒருவர் 2015இல் அமெரிக்க அதிகாரிகளிடம் தாமாகவே கொடுத்தார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன பணத்தில் கோயில் கட்டியவர் என்றும், அவருக்காக இறைவனே குதிரைச் சேவகனாக வந்தான் என்றும் தமிழ்நாடு நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் மாணிக்கவாசகர்தான் அவர். ஒரு சிற்றூரின் சைவக் குடும்பம் மூன்று கண்டங்களுக்குச் சிதறிப்போனது.

பக்கத்திலேயே சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலிலும் 2008இல் திருட்டு நடந்தது. அதே வலைப்பின்னல், அதே விற்பனைக்கூடம். 2011இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூரை 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வழக்கின் நீளத்தைக் கவனியுங்கள். திருட ஓர் இரவு போதும், தண்டிக்கப் பதினான்கு ஆண்டுகள்.

மூன்றாவது கதை செந்துறைப் பக்கம் பொட்டவெளி வெள்ளூரிலிருந்து. அங்கே பெருமாள் கோயிலின் அனுமன் திருமேனி 2012 ஏப்ரலில் களவுபோனது. 2014இல் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் நியூயார்க் ஏலத்தில் 37,500 டாலருக்கு விலைபோய் ஆஸ்திரேலியாவில் ஒரு தனியாரிடம் சேர்ந்தது. வாங்கியவருக்கு அது திருட்டுப் பொருள் என்பது தெரியாது. பிரெஞ்சு நிறுவனம் அந்த அனுமனை 1961இலேயே படமெடுத்து வைத்திருந்தது. அந்தப் படத்தோடு ஏலப்பட்டியலின் படத்தைப் பொருத்திப் பார்த்துத்தான் சிலைத்திருட்டுத் தடுப்புப் பிரிவு உரிமை கோரியது. 2023 பிப்ரவரியில் அனுமன் இந்தியா வந்தார், ஏப்ரலில் தமிழகக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்.

இந்த மூன்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வெள்ளூர்தான். ஸ்ரீபுரந்தான் நடராசர் பல கோடி பெறுமானமுள்ளவர், தலைப்புச் செய்தி ஆனவர். வெள்ளூர் அனுமன் பெரிய அருங்காட்சியகம் எதுவும் தேடிப்போகாத ஒரு சிறு உருவம். அப்படிப்பட்ட உருவத்தையும் 1961இல் ஒருவர் கேமராவோடு தேடிவந்து படமெடுத்திருக்கிறார் என்பதில்தான் அந்த ஆவணப்பணியின் பெருமை இருக்கிறது. அழகானதை மட்டும் படமெடுத்திருந்தால் வெள்ளூருக்குச் சாட்சி இருந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. 1961இல் வெள்ளூர் திருச்சி மாவட்டத்து ஊர். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனியானது, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. ஒரே கோயிலின் பதிவுகள் மூன்று மாவட்டங்களின் பெயர்களில் கிடக்கலாம். வெள்ளூர் என்ற பெயரிலோ ஓர் ஊரல்ல, பல ஊர்கள். பழைய வட்டப்பெயர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து தேடினால்தான் படமும் ஊரும் சந்திக்கும்.

பிரெஞ்சுக்காரர்களை முழுவதும் காவலர்களாகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பாகும். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய் பல்லவர் கலை பற்றி அடிப்படையான ஆராய்ச்சிகளைச் செய்தவர். 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் ஆய்வாளர்கள் மதிக்கிறார்கள். அதே துப்ராய்தான் 1926இல் காஞ்சிபுரம் பகுதியில் கண்டெடுத்த யோகினிச் சிற்பங்களைப் பாரிஸில் இருந்த புகழ்பெற்ற கலைவணிகர் சி. டி. லூவுக்கு அனுப்பிவைத்தவர். இன்று அந்த யோகினிகள் பாரிஸ், வாஷிங்டன், டொரான்டோ என்று வெவ்வேறு நகரங்களில் தனித்தனியே இருக்கிறார்கள். பத்மா கைமல் 2012இல் எழுதிய நூல் அந்தச் சிதறலை விரிவாக ஆராய்கிறது. புதுச்சேரி வழியாகச் சிற்பங்கள் வெளியேறின, அதே புதுச்சேரியிலிருந்து அவற்றைத் திரும்பக் கேட்பதற்கான சாட்சியும் வந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வெண்கலத்தை நன்கறிந்த பிரெஞ்சுச் சிற்பி அகுஸ்த் ரொதான் தமிழகத்து நடராசரைப் பற்றி வியந்து ஒரு கட்டுரை எழுதினார். 1913இல் எழுதிய அந்தக் கட்டுரை அவர் மறைந்தபின் 1921இல் வெளியானது. சென்னை அருங்காட்சியகத்துத் திருமேனிகளை அவர் நேரில் பார்த்ததில்லை. விக்டர் கொலுபேவ் கொடுத்த புகைப்படங்களைப் பார்த்தே எழுதினார். ஐரோப்பாவில் நம் திருமேனிகளுக்குக் கலை என்ற மதிப்பு ஏற்பட அந்த எழுத்தும் ஒரு காரணம். அந்த மதிப்பே பிற்காலச் சந்தை விலைக்கு அடித்தளம் ஆயிற்று என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ரொதான்மேல் பழிபோட அல்ல இதைச் சொல்வது. விலை ஏறும் பொருளுக்குப் பதிவேடும் அதே வேகத்தில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை.

பதிவேடு என்ற எண்ணம் நமக்குப் புதிதா என்றால் இல்லை. ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகள் அங்கே எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடம் எப்படி, கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, எந்த அணிகலனில் எத்தனை மணி, கொடுத்தவர் யார் என்று எல்லாம் அதில் உண்டு. கேமரா இல்லாத 11ஆம் நூற்றாண்டில் சொல்லாலேயே எடுத்த படங்கள் அவை. அவர் மகன் ராசேந்திரன் அரியலூர் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பினான். அந்தக் கோயிலைப் பற்றிப் பியர் பிஷார், ஃப்ரான்சுவாஸ் லெர்னோ முதலியவர்களோடு அரியலூர்ப் பகுதி வரலாற்றை ஆய்ந்த இல. தியாகராசனும் சேர்ந்து எழுதிய பிரெஞ்சு நூல் 1994இல் வந்தது. உள்ளூர் அறிவும் வெளியூர் முறைமையும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் பெரிய கோயில்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் சிற்றூர்க் கோயில்களுக்குக் கிடைக்கவில்லை. தஞ்சையின் விவரிப்பு முறையைச் சுத்தமல்லியில் யாரும் கல்லில் வெட்டவில்லை, பின்னாளில் தாளில் எழுதியதும் பெரும்பாலும் ‘நடராசர் 1, அம்மன் 1’ என்ற அளவில் நின்றது. அப்படிப்பட்ட பட்டியலைக் கொண்டு கான்பெராவில் வாதாட முடியாது.

உலோகவியலும் இப்போது சாட்சிக்கூண்டில் ஏறியிருக்கிறது. சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் திருமேனிகளின் கலவையையும் அவற்றில் உள்ள காரீயத்தின் ஐசோடோப்பு விகிதத்தையும் ஆராய்ந்து, எந்தக் காலத்து வார்ப்பு என்று பிரித்தறிய வழிகாட்டினார். ஐயத்துக்குரிய திருமேனி பழையதா அண்மையில் செய்ததா என்று அறிய இது பெரிதும் உதவும். ஆனால் இந்த முறை காலத்தைக் காட்டும் அளவுக்கு ஊரைக் காட்டாது. ஸ்ரீபுரந்தானுக்கும் சுத்தமல்லிக்கும் நடுவில் உலோகம் வேறுபாடு சொல்லாது. ஆர். நாகசாமி போன்றவர்கள் வளர்த்தெடுத்த பாணி ஆய்வும் அப்படித்தான், வட்டாரம் வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். கோயில் வாசல் வரை அழைத்துப்போவது படம் ஒன்றே.

படத்தையும் பதிவையும் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சிவபுரம் கோயில் சாட்சி. 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசரைச் செப்பனிட 1954இல் ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி. கோயிலில் அதற்கே பூசையும் நடந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியான தம் நூலில் உண்மையைச் சொன்ன பிறகே உலகுக்குத் தெரிந்தது. அசலை 1973இல் வாங்கிய அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் தரப்பிடமிருந்து 1986இல்தான் அது திரும்பியது. பாரிஸ் வார்ப்பகத்தில் பிரதி எடுப்பது தொழில், நம் கோயிலில் பிரதி வைப்பது வஞ்சகம். மேனின் குதிரையை இன்னொரு முறை வார்த்தால் இன்னொரு குதிரை கிடைக்கிறது, யாருக்கும் இழப்பில்லை. தலைமுறைகள் தொட்டு நீராட்டித் தேய்ந்த முகத்தை மீண்டும் வார்க்க முடியாது.

1976இல் மண்ணில் கிடைத்துக் கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் வழக்கில் லண்டன் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. இடிந்துபோன கோயிலாக இருந்தாலும் அது தன் உடைமையைக் கேட்டு வழக்காடலாம் என்று ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் திரும்பினார். உடைமை தனிமனிதருடையதல்ல, ஊரில் நிற்கும் இறைவனுடையது என்ற நம் வழக்கத்தை ஓர் அயல்நாட்டு நீதிமன்றம் மதித்த தருணம் அது.

சட்டத்தில் குறை அதிகமில்லை. 1972இல் இயற்றி 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டு கடந்த சிற்பத்தைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. எந்த நாட்டில் வார்த்தது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நம் ஊர்ப் பழைய பங்களா ஒன்றில் 1890இல் வார்த்த பிரெஞ்சு வெண்கலக் குதிரை இருந்தால் அதுவும் அந்தச் சட்டத்துக்குள் வரும். சிலைத்திருட்டைத் தடுக்கவே 1983இல் தமிழகக் காவல்துறையில் தனிப்பிரிவு அமைத்தார்கள். 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 1977இல் சேர்ந்தது. பிரான்ஸ் சேர்ந்தது 1997இல். குறை, காப்பாற்ற வேண்டியது எது என்ற பட்டியலில் இருக்கிறது.

திரும்பி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இதில் கருத்து வேறுபாடு ஆழமானது. ஒரு தரப்பு, காவல் இல்லாத கோயிலுக்குத் திருப்பி அனுப்பினால் மறுபடி களவுபோகும், திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களிலேயே இருக்கட்டும் என்கிறது. இன்னொரு தரப்பு, சாமியைக் கிடங்கில் வைப்பதற்கு வெளிநாட்டுக் கண்ணாடிப் பேழையே மேல் என்று கோபப்படுகிறது. பாதுகாப்பு வேண்டும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் ஸ்ரீபுரந்தான் வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே திருட்டு இரண்டு ஆண்டு தெரியாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் உள்ளே விளக்கெரியாததே. நாள்தோறும் நடைதிறக்கும் கோயிலில் காலையில் போய்விட்ட சாமியை மாலைக்குள் ஊர் அறிந்துவிடும். மையத்தில் வைப்பது அவசரத்துக்கான ஏற்பாடு, அதையே நிரந்தரமாக்கினால் கோயில்கள் மேலும் காலியாகும், காலியான கோயில் அடுத்த திருட்டுக்குத் திறந்த கதவு. உறுதியான அறையும் எச்சரிக்கை மணியும் ஒரு பொறுப்பாளரும் தயாராகும் ஊருக்குத் திருவிழா நாளிலாவது திருமேனி வர வேண்டும், பிறகு மெல்ல மெல்ல நிலையாக வர வேண்டும். மரக்குதிரையைச் செல்லரிக்க விட்டுவிட்டு, ஏறுபவரை மட்டும் கவசப் பெட்டியில் காத்தால் நாம் மீட்டது பாதியைத்தான்.

கடைசியாக, மண்குதிரைகள். பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களின் எல்லையில் ஐயனாருக்கும் காவல் தெய்வங்களுக்கும் முன்னால் நிற்கும் சுடுமண், சுதைக் குதிரைகள்தான் இந்தப் பகுதியின் மிகப் பரவலான குதிரைச் சிற்பங்கள். மார்கரீத் அதிசேயாம் ஐயனார் பற்றி எழுதிய விரிவான ஆய்வைப் பிரெஞ்சு நிறுவனம் 1967இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு ஊர்வாரியான பதிவு இந்தக் குதிரைகளுக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலானவை நூறு ஆண்டு வயது எட்டாதவை, வேளார்கள் பழையதன் இடத்தில் புதியதைச் செய்துவைப்பது மரபு, ஆகவே தொல்பொருள் சட்டம் அவற்றைத் தொடாது. சந்தையில் விலையும் இல்லை என்பதால் கடத்துபவர்களும் வருவதில்லை. ஆனால் அழிவு வேறு வழியில் வருகிறது. 2021 அக்டோபரில் சிறுவாச்சூர் பெரியசாமி கோயிலின் உருவங்களை உடைத்துப் போட்ட நிகழ்ச்சி பெரம்பலூரையே உலுக்கியது. அப்படி உடைந்ததைத் திரும்பச் செய்யும் கைவினைஞருக்குப் பழைய உருவத்தின் உயரமும் கடிவாளத்தின் அமைப்பும் வண்ணமும் எங்கேயாவது பதிவாகியிருக்க வேண்டும். அளவுகோலை அருகில் வைத்து, நான்கு பக்கமும் அடிப்பகுதியும் தெரிய, அலங்காரம் இல்லாமலும் அலங்காரத்தோடும் படமெடுத்து, ஊர்ப்பெயரையும் பழைய வட்டப்பெயரையும் எழுதி, ஒரு படி கோயிலிலும் ஒரு படி அறநிலையத்துறையிலும் ஒரு படி மாவட்ட அருங்காட்சியகத்திலும் வைப்பதற்கு இன்று பெரிய செலவில்லை. கல்லூரி வரலாற்றுத் துறைகள் ஒரு விடுமுறைக் காலத்தில் ஓர் ஒன்றியத்தை முடித்துவிடலாம். உடையார்பாளையம் வட்டத்திலும் செந்துறை வட்டத்திலும் இதை முதலில் தொடங்குவதுதான் நியாயம்.